புளியங்குளம் விலக்கு

இங்கிட்டு வந்து உக்காரு தாயி. அந்த பெஞ்சுக்கு மேல இருக்குற ஃபேன் பேருக்குத்தான், சுத்தாது. எனக்கு இது பழகின இடம். எந்த ஃபேன் சுத்தும், எந்தக் குழாயில தண்ணி வரும், எந்த நர்சு முகம் கொடுத்துப் பேசும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

யாருக்கு? மாமியாருக்கா? எங்க விழுந்தாக? பாத்ரூம்லயா. எல்லாரும் அங்கதான் விழுறாக. எங்க வீட்டுக்காரரும் அங்கதான். இடுப்பெலும்பா? தொடையும் இடுப்பும் சேர்ற இடமா? ஆமா, அதேதான். நாளைக்கு ஆபரேசனா? பயப்படாத. எலும்பை நல்லா ஒட்டவச்சிருவாக இங்க. எலும்புல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

இன்னும் செத்த நேரத்துல ஒரு சின்ன டாக்டரம்மா வரும். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கையில ஒரு அட்டை வச்சிருக்கும். பர்கானான்னு பேரு. உன் மாமியாகிட்ட கொஞ்சம் கேள்வி கேக்கும், அப்புறம் உன்னைக் கேக்கும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு உக்காரவச்சேன். வயசான ஆளுகளுக்கு இடுப்பு ஒடிஞ்சு ஆபரேசன் பண்ணுனா சில பேருக்குப் புத்தி கலங்கிப் போகுமாம். பைத்தியம் இல்லை. எங்க இருக்கோம், எதிர நிக்கிறது யாருன்னு தெரியாமப் போயிரும். சில பேருக்கு ரெண்டு நாள்ல தெளியும், சில பேருக்கு மாசக்கணக்காகும், சில பேரு முழுசாத் திரும்பி வர்றதே இல்லைன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. யாருக்கு அது வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அந்த அட்டை. கேள்விக்கு ஒரு மார்க்கு. மார்க்கு கூடுனா ஆபத்து. பள்ளிக்கூடத்து மார்க்குக்குத் தலைகீழு.

எங்க வீட்டுக்காரரு எம்புட்டு வாங்குனாரு தெரியுமா? சைபர்.

இவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காக. வர அரைமணி நேரமாகும். கேளு, சொல்றேன்.

காசிலிங்கம்னு பேரு. புருசன் பேரைச் சொல்லக்கூடாதும்பாக. நான் சொல்லுவேன். காசிலிங்கம், காசிலிங்கம், காசிலிங்கம். கேக்க ஆளில்லை இப்ப. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து, அப்புறம் செக்கரா ஆகி, ரிட்டயர் ஆன மனுசன். வயசு எழுபத்திநாலு. எனக்கு அறுபத்தாறு. கட்டி நாப்பத்தாறு வருசம். இந்த நாப்பத்தாறு வருசத்துல அந்த மனுசன் என்கிட்டப் பேசுனதை எல்லாம் கூட்டிக் கழிச்சா ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சும். "உனக்கு என்ன தெரியும்?"

ஏய், உனக்கு என்ன தெரியும். அம்புட்டுத்தான். குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா அதுக்கும் அதுதான், மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனா அதுக்கும் அதுதான். போன வருசம் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாரு. பளபளன்னு இருந்துச்சு. ஏங்க, இது வழுக்குதே, சொரசொரப்பா இருக்குறதாப் போடலாமேன்னேன். "உனக்கு என்ன தெரியும், இது பெரிய பெரிய ஓட்டல்ல போடுற கல்லு"ன்னாரு. அந்தக் கல்லுலதான் விழுந்தாரு. நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சோத்தை வடிச்சு முடிச்சிட்டுத்தான் போனேன். பாதியில விட்டா குழைஞ்சிரும்ல?

ஏன் அப்படிப் பாக்குற? நீ கேளு முதல்ல, அப்புறம் பாரு.

கல்யாணமாகி ரெண்டாவது வருசம். மக அமுதா ஆறு மாசப் பிள்ளை. எங்க அம்மா வீட்டுல இருந்துட்டு இவரு ஊருக்குத் திரும்புறேன். எங்க ஊருக்குள்ள பஸ் வராது. ரோட்டுல வந்து நிக்கணும். புளியங்குளம் விலக்குன்னு பேரு. ஒரு மைல்கல்லு இருக்கும், ஒரு வேலிக்கருவை நிக்கும், வேற ஒண்ணும் கிடையாது. சித்திரை மாசம், உச்சி வெயிலு. இவரு வண்டிதான் வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. எங்க ஊருச் சனம் அஞ்சாறு பேரு கூட ஏறுறாக, எங்க சித்தி ஏறுது. புருசன் வண்டியாச்சேன்னு நான் தலையை நிமுத்திக்கிட்டு ஏறுனேன். முந்தியில காசு முடியலை. எதுக்கு முடியணும்? புருசன் வண்டி.

இவரு வர்றாரு. வண்டியை அங்கயே நிப்பாட்டி வச்சு எல்லாருக்கும் கிழிச்சுக் குடுத்துட்டு என் முன்னால வந்து நின்னு, "டிக்கெட்"ங்கிறாரு. நான் வெளாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சேன். "சிரிப்பு என்ன சிரிப்பு? டிக்கெட் எடு"ங்கிறாரு. காசில்லைங்கன்னேன், மெதுவா. மனுசன் சத்தமாக் கேக்குறாரு, "பொண்டாட்டின்னா பஸ்ஸு உங்கப்பன் வீட்டுதா?"ன்னு. வண்டி பூராவும் சிரிக்குது. எங்க சித்தி சீட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிச்சு. அடுத்த ஸ்டாப்புல செக்கிங் நிக்கிதாம், இவரு நேர்மையான கண்டக்டராம். "இறங்கு"ன்னாரு. இறங்குனேன் தாயி. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இறங்குனேன். விசிலை ஊதிட்டுப் போயே போயிட்டாரு.

அடுத்த வண்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு. வேலிக்கருவைக்கு நெழலு ஏது? என் முந்தியை எடுத்துப் பிள்ளை தலையில போட்டுக்கிட்டு நின்னேன். ஊருக்குள்ள திரும்பிப் போயிருக்கலாமேன்னு கேப்ப. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போக? பிள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சல் கண்டுச்சு, நாலு நாள் விடலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரு ஒரு வார்த்தை கேக்கலை. நானாக் கேட்டேன், ஏன் அப்படிப் பண்ணுனீகன்னு. "ரூல்ஸு. உனக்கு என்ன தெரியும்?" அந்த வெயிலு இன்னும் என் உச்சந்தலையில இருக்கு. தொட்டுப் பாக்குறியா?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

ஆபரேசனுக்கு முந்தின நாள் அந்த சின்ன டாக்டரம்மா அட்டையோட வந்துச்சு. இவரு காலுக்கு வெயிட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்காரு. அந்த நிலைமையிலயும் சட்டைப்பையில பேனா. நான் கால்மாட்டுல நிக்கிறேன்.

"ஐயா, தூக்க மாத்திரை எதுவும் போடுறதுண்டா?"

"நானா? படுத்தாக் கட்டை டாக்டரம்மா."

பொய்யி. பத்து வருசமா ராத்திரிக்கு ஒண்ணு. டாக்டர் சீட்டு கிடையாது, மருந்துக்கடைக்காரன் தெரிஞ்சவன். வெளிய தெரிஞ்சாக் கேவலம்னு சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வச்சிருப்பாரு. ஒருநாள் போடலைன்னாக் கை நடுங்கும்.

"காது நல்லாக் கேக்குமா?"

"பாம்புச் செவி."

பொய்யி. இடது காது சுத்தமா அவுட்டு. மக மெசினு வாங்கிக் குடுத்துச்சு. பீரோவுல சாமி நகையோட பூட்டி வச்சிருக்காரு. டாக்டரம்மா வலது பக்கம் நின்னு கேட்டதால தப்பிச்சாரு.

"குடி உண்டா?" அது இல்லை. அது ஒண்ணுதான் நெசம். "எண்பது ஆச்சா?" ஆகலை. "மறதி எப்படி ஐயா?"

"எனக்கா மறதி?"ன்னு சிரிச்சாரு பாரு! விழுறதுக்கு ரெண்டு மாசம் முந்தி பாலு வாங்கப் போறேன்னு போனவரு, மத்தியானம் வரைக்கும் பஸ்ஸ்டாண்டுல உக்காந்திருந்தாரு. கையில வெறுந் தூக்குவாளி. ஆட்டோக்காரன் அடையாளம் கண்டு கூட்டிட்டு வந்தான். டூட்டிக்கு நேரமாச்சுன்னு உக்காந்திருந்தாராம்.

அப்புறம் அந்தப் பொண்ணு, "பன்னெண்டு மாசத்தையும் கடைசியில இருந்து பின்னால சொல்லுங்க ஐயா"ன்னுச்சு. அதுதான் புத்தியைச் சோதிக்கிற கேள்வியாம். இவரு விடுவாரா? "மாசம் என்னம்மா மாசம், எங்க ரூட்டுல இருக்குற ஸ்டாப்பை எல்லாம் தலைகீழாச் சொல்றேன், எழுதிக்கோங்க"ன்னுட்டு ஆரம்பிச்சாரு. கரட்டுப்பட்டி, உப்போடை, கோயில் வாசல், ஆலங்குளம், முக்குரோடு, ஆலங்குளம், மில் கேட், பாலத்தடி, சந்தைப்பேட்டை. ஒரே மூச்சு. அந்தப் பொண்ணு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிது. பக்கத்துக் கட்டில்காரரு கைதட்டுறாரு.

அந்த ரூட்டு எனக்கும் தெரியும் தாயி. நாப்பத்தாறு வருசமா அந்த மனுசன் தூக்கத்துல சொன்னாக்கூட நான்தானே கேட்டேன். ஆலங்குளம் ரெண்டு தடவை வந்துச்சு. கோயில் வாசலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவுல ஒண்ணு வரணும். அது வரலை. என்ன ஸ்டாப்புன்னு நான் சொல்ல வேண்டியதில்லை உனக்கு.

மறந்திருக்கலாம்னு எனக்கு அப்பத் தோணலை. பாரு, சாகக் கிடக்குறப்பக்கூட என் ஊருப் பேரை வாயில எடுக்க மாட்டேங்கிறான்னுதான் தோணுச்சு. ஆமா, "மாட்டேங்கிறான்"னுதான் நினைச்சேன், மரியாதை எல்லாம் போயிருச்சு.

அந்த நேரம் பாத்து டாக்டரம்மா என் பக்கம் திரும்புது. "அம்மா, ஐயா சொன்னது எல்லாம் சரிதானே?"

நான் வாயைத் திறக்குறதுக்கு முந்தி இவரு சொல்றாரு, "அவளுக்கு என்ன தெரியும்? நீங்க எழுதுங்கம்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா டாக்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது."

தேன் குடிச்ச மாதிரி இருந்துச்சு. அவரு வார்த்தையை எடுத்து அவரு கையிலயே குடுத்தேன். பொய்யா சொன்னேன்? எனக்கு எதுவும் தெரியாதுன்னு நாப்பத்தாறு வருசம் சொன்னது யாரு? நான் ஒத்துக்கிட்டேன், அம்புட்டுத்தான்.

அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, அதையும் சொல்லணும். வராண்டாவுக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. "அம்மா, ஆம்பளைங்க முன்னாடி சொல்லத் தயங்குவீங்க. இப்பச் சொல்லுங்க. மாத்திரை, மறதி, எதாச்சும் உண்டா? சின்ன விசயமா இருந்தாலும் பரவாயில்லை"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. நான் அது மூஞ்சியைப் பாத்தேன். நல்ல பிள்ளை. ஆனாலும் அந்தத் தேனு இன்னும் நாக்குலயே இருந்துச்சு தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்னு மறுபடியும் சொல்லிட்டு, தண்ணி பிடிக்கப் போயிட்டேன்.

சைபர் மார்க்கு. மார்க்கு கூடுன ஆளுகளுக்கு என்ன பண்ணுவாகன்னா, சன்னல் ஓரம் கட்டில் குடுப்பாக, பகல் எது ராத்திரி எதுன்னு தெரியட்டும்னு. எதிர்ல பெரிய கடிகாரம், பெரிய எழுத்துல தேதி. கண்ணாடி, காது மெசினு எல்லாம் கைக்கெட்டுற இடத்துல. வழக்கமாப் போடுற மாத்திரையைத் திடீர்னு நிறுத்த மாட்டாக. வீட்டு ஆளு ஒருத்தர் கூடவே இருந்து, இது ஆசுபத்திரி, இன்னைக்குப் புதன்கிழமை, நான் இன்னாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சைபருக்கு அது எதுவும் தேவையில்லை. உள்பக்கச் சுவரு ஓரம் போட்டாக. சன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. நீங்க வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கிட்டு வாங்கம்மான்னு என்னை அனுப்பிவச்சாக. நானும் போயித் தூங்குனேன். பீரோவுல மெசினு இருக்கு, அலமாரியில சத்து மாத்திரை டப்பா இருக்கு. ரெண்டையும் பாத்துட்டுத்தான் தூங்குனேன்.

ஆபரேசன் முடிஞ்சு மூணாம் நாள். காலையில பத்து மணி இருக்கும். இட்லியைக் கட்டிக்கிட்டு வார்டுக்குள்ள நுழையிறேன், ஒரே சிரிப்புச் சத்தம். பாத்தா இவரு கட்டில்ல நிமுந்து உக்காந்திருக்காரு. கையில ஆசுபத்திரி நோட்டு. பேனாவைக் காதுல சொருகியிருக்காரு. "டிக்கெட், டிக்கெட். எல்லாரும் எடுத்தாச்சா? பாஸ் வச்சிருக்கறவங்க கையில எடுத்துக் காட்டுங்க." வார்டை பஸ்ஸுன்னு நினைச்சுக்கிட்டாரு. பக்கத்துக் கட்டில்காரரு பொண்டாட்டி மருந்துச் சீட்டை நீட்டுது, இவரு வாங்கி ஒரு ஓரமாக் கிழிச்சுக் குடுக்குறாரு. வார்டே சிரிக்குது.

நானும் சிரிச்சேன். ஆத்தாடி, எப்படிச் சிரிச்சேன்! அன்னைக்குப் பஸ்ஸுல சிரிச்சாகள்ல, அத்தனை பேரு சிரிப்பையும் சேத்து நான் ஒருத்தி சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

சிரிச்சுக்கிட்டே கட்டில் ஓரம் போனேன். என்னை நிமுந்து பாத்தாரு. பாத்தாருன்னா, கண்ணு என் மேலதான் இருக்கு, ஆனா ஆளு அடையாளம் தெரியலை. "வாங்கம்மா. நீங்க எங்க ஏறுனீங்க?"ன்னாரு.

வாங்கம்மாவாம். நீங்களாம். என்னைப் பாத்து அந்த மனுசன் "நீங்க"ன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு சும்மா இருக்குமா? சொன்னேன், "புளியங்குளம் விலக்கு."

வேணும்னுதான் சொன்னேன். குத்தணும்னுதான் சொன்னேன். குத்துச்சு.

மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. "புளியங்குளம் விலக்கா? தாண்டிருச்சா? ஐயையோ, அங்க ஒரு பிள்ளைக்காரி நிக்கிறாம்மா. நான்தான் இறக்கிவிட்டேன். கைப்பிள்ளையோட வெயில்ல நிக்கிறா. வண்டியை நிறுத்து! ஏய் டிரைவரு, நிறுத்துய்யா!" ரெண்டு விரலை வாயில வச்சு விசில் அடிக்கிறாரு. கையில ஏறுற குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிஞ்சாச்சு, ரத்தம் சொட்டுது. நான் பிடிக்கிறதுக்குள்ள காலைக் கீழ வச்சாரு. வச்ச காலு ஆபரேசன் பண்ணுன காலு.

விழுந்தாரு. இந்தத் தடவை சத்தம் வேற மாதிரி இருந்துச்சு.

கீழ கிடந்துக்கிட்டே என் சேலையைப் பிடிச்சாரு. "அம்மா, என் வீட்டுக்காரியைக் கூப்பிடுங்க. சீனியம்மான்னு பேரு. எந்த இடம்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியலை. அவளைக் கேளுங்க, அவளுக்கு எல்லாம் தெரியும்."

நான்தான் தாயி சீனியம்மா.

உள்ள வச்ச கம்பி விலகிப்போச்சுன்னு மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போனாக. பெரிய டாக்டர் அந்தச் சின்னப் பொண்ணை எல்லாரு முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. "சைபர்னு எழுதியிருக்கீங்க, இது எப்படி?"ன்னு. அது மாடிப்படி ஓரம் நின்னு அழுதுச்சு. என்னைப் பாத்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நான் இன்னும் கொஞ்சம் நல்லாக் கேட்டிருக்கணும்மா"ன்னுச்சு. ஆமா, கேட்டிருக்கணும்னு சொன்னேன். பின்ன? ரெண்டு தடவை கேட்டாப் போதுமா? படிச்ச பிள்ளை மூணாவது தடவை கேக்கக்கூடாதா?

மறுநாள் அந்த சத்து மாத்திரை டப்பாவைக் கொண்டு போய் அது மேசையில வச்சேன். திறந்து பாத்துச்சு. "இது எப்பக் கிடைச்சுதும்மா?"ன்னுச்சு. அலமாரியைத் துடைக்கிறப்பன்னேன். காது மெசினையும் வச்சேன். அது அந்த ரெண்டையும் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனோ என்னமோ.

நானா அவரைத் தள்ளிவிட்டேன்? நானா டைல்ஸ் போட்டேன்? ஊரைக் கேட்டாரு, ஊரைச் சொன்னேன். அமுதாகூட என்னைத்தான் குத்தம் சொல்லுது. டாக்டரம்மாகிட்ட நான் சொல்லாத விசயம் எதுவும் அதுக்குத் தெரியாது, இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திருப்பூருக்குப் போச்சு.

இது நடந்து மூணு மாசம் ஆச்சு. எலும்பு கூடிருச்சு. காலையில கொஞ்சம் தெளிவா இருப்பாரு, காப்பி கேப்பாரு, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. வெயில் ஏற ஏறப் பஸ்ஸுல ஏறிருவாரு. என்னை மட்டும் தெரியவே தெரியாது. மகளைத் தெரியுது, பால்காரனைத் தெரியுது. என்னை மட்டும் "வாங்கம்மா, உக்காருங்கம்மா, சாப்பிட்டீங்களாம்மா." நாப்பத்தாறு வருசத்துல சாப்பிட்டியான்னு ஒருநாள் கேட்டிருப்பாரா? இப்பத் தினம் கேக்குறாரு. அந்த டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புது: "நான் சீனியம்மா, உங்க சம்சாரம்னு அவர்கிட்டத் தினம் சொல்லுங்கம்மா, சொல்லச் சொல்லத்தான் புத்தி பழைய தடத்துக்கு வரும்"ன்னு. தலையை ஆட்டிட்டு வந்துருவேன். சொல்ல மாட்டேன். சொன்னா "ஏய்"தானே வரும்?

இன்னொண்ணு இருக்கு. தினம் என்கிட்டக் கேப்பாரு, "அந்தப் பிள்ளைக்காரியை ஏத்தியாச்சாம்மா?"ன்னு. கெஞ்சுற மாதிரி கேப்பாரு. அமுதா போனுல சொல்லுது, "ஏத்தியாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேம்மா, அவரு நிம்மதியாத் தூங்கட்டும்." நான் சொல்றது இல்லை. இன்னும் நிக்கிறான்னுதான் சொல்லுவேன். ரெண்டு மணி நேரம் நான் நின்னேன்ல? நிக்கட்டும். தூங்காமக் கிடக்கட்டும்.

உன் விசயத்துக்கு வா. உன் மாமியா எப்படி? வாயா? கையா? ரெண்டும் உண்டா! ம். ரகசியமா எதுவும் போடுவாளா? தூக்க மாத்திரையா, மூட்டு வலிக்குன்னு நாட்டுமருந்தா? பாத்தியா, கண்ணைக் கீழ போடுற. சொல்லுவோமா வேண்டாமான்னு கணக்குப் போடுற. எனக்குத் தெரியும் தாயி அந்தக் கணக்கு. அந்தத் தேனு நாக்குல வர்றதுக்கு முந்தியே வாசனை வரும்.

நான் சொல்றதைக் கேளு. எல்லாத்தையும் சொல்லிரு. மாத்திரை பேரு, எத்தனை வருசம், எந்தக் காது, எதை மறந்தா, எங்க ஒளிச்சு வச்சிருக்கா, ஒண்ணு விடாமச் சொல்லிரு. அவ முன்னாடி வாயை அடைச்சா வராண்டாவுல சொல்லு. அவ மேல பாசம் வச்சு இல்லை. பாசம் எதுக்கு? நீ அவளை ஒருநாள் நேருக்கு நேரா நிறுத்திக் கேக்கணும்ல, என்னை ஏன் இப்படிப் பண்ணுனன்னு? கேக்குறப்ப அவளுக்கு உன்னைத் தெரிய வேண்டாமா? நான் ஒரு கேள்வியை நாப்பத்துநாலு வருசம் வச்சிருந்தேன். அவரு ஆபரேசன் முடிஞ்சு, நடக்க முடியாம, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்பக் கேக்கணும்னு வச்சிருந்தேன். "இப்பச் சொல்லுங்க, எனக்கு என்ன தெரியும்?" தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. யாருகிட்டப் போயிக் கேக்க? கேக்குறது யாருன்னே அவருக்குத் தெரியலையே.

அந்தா வருது பாரு, பர்கானா டாக்டரு. அட்டையை எடுத்துக்கிட்டு உன் மாமியா வார்டுக்குத்தான் போகுது. எந்திரி, எந்திரி. பையை நான் பாத்துக்கிறேன். நேராப் போயி அதுக்கு எதுக்க நில்லு.

நானும் எந்திரிக்கணும். இந்தா, இவரைத் தள்ளிக்கிட்டு வந்துட்டாக.

வாங்க. எடுத்தாச்சா? வலிச்சுச்சா? போர்வையை இழுத்து விடவா? சாப்பிட்டேங்க, இப்பத்தான் சாப்பிட்டேன். இல்லீங்க, இன்னும் ஏத்தலை. நிக்கிறா. ஆமா, பிள்ளையோடதான், வெயில்லதான் நிக்கிறா. நானா? நான் பக்கத்து சீட்டுங்க. நீங்க கண்ணை மூடுங்க. ஸ்டாப்பு வந்தா எழுப்புறேன்.